சார்புகளின் வரைபும் அதனை வாசிக்கும் முறையும்

எழுத்துக்களைக் கொண்டு எண்களின் பொதுவியல்பை ஆராய்வது அட்சரகணிதம். கோடு, கோணம், வட்டம் முதலிய உருவங்களின் இயல்பை ஆராய்வது கேத்திரகணிதம். பாடசாலைகளில் வெவ்வேறு நூல்களைக் கொண்டு, வெவ்வேறு பாடவேளைகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டுவந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் சார்பின் வரைபு. ஒரு சமன்பாட்டைக் கண்ணாற் காணவும், ஒரு வளையியை எழுத்தால் எழுதவும் வழிசெய்தது இச்சந்திப்பேயாகும்.

க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளில் இருபடிச் சார்பொன்றின் வரைபு பற்றிய வினா வழக்கமாக இடம்பெறும். பெறுமான அட்டவணையில் விடுபட்ட எண்ணைக் காண்க, தரப்பட்ட அளவிடைக்கு ஏற்ப வரைபை வரைக என்பன அவ்வினாவின் முற்பகுதி. சமச்சீரச்சின் சமன்பாடு யாது, சார்பு மறையாக அதிகரிக்கும் ஆயிடை யாது என்பன போல்வன அதன் பிற்பகுதி. முற்பகுதியிற் புள்ளிகளை ஈட்டிக்கொள்ளும் மாணவன் பிற்பகுதியில் இடறி விழுதல் கணித ஆசிரியர் யாவரும் அறிந்ததே. சோம்பல் இதற்குக் காரணமாகாது. பென்சிலைத் தீட்டி, புள்ளிகளைச் செவ்வனே குறித்து, வளையியை அழகுற வரைந்தவனே இவ்வாறு இடறுகின்றான். தான் வரைந்ததை அவன் ஓர் ஓவியமாகக் காண்கின்றான். ஓவியத்தில் வாசிப்பதற்கு என்ன இருக்கின்றது என்று மலைக்கின்றான்.

உண்மையில் வரைபின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாக்கியமாகும். கிடையச்சில் அளக்கப்படும் சாரா மாறியை ய எனவும், நிலைக்குத்தச்சில் அளக்கப்படும் சார்ந்த மாறியை ர எனவும் கொள்க. (1, 0) என்னும் புள்ளி, ‘ய ஒன்றாகும்போது ர பூச்சியமாகும்’ என்று கூறுகின்றது. வளையி என்பது இத்தகைய எண்ணிறந்த வாக்கியங்களின் தொகுதி. ஆகவே வரைபொன்றை எதிர்கொள்வோன் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இப்புள்ளி என்ன கூறுகின்றது என்பது ஒன்று. அவ்வாறு கூறுவதற்கு அதற்குள்ள ஆதாரம் யாது என்பது மற்றொன்று. முதல் வினா வகுப்பறைகளில் ஓரளவு கேட்கப்படுகின்றது. இரண்டாவது பெரும்பாலும் கேட்கப்படுவதேயில்லை.

கணியங்களைக் கோட்டின் நீளத்தாற் காட்டும் எண்ணம் பழையது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒறேம், காலத்தை ஒரு கிடைக்கோட்டிலும், அவ்வக் கணத்து வேகத்தை அதன்மேல் எழுப்பிய நிலைக்குத்துக் கோடுகளிலும் குறித்து, அவ்வாறு அமையும் உருவத்தின் பரப்பைக்கொண்டு சென்ற தூரத்தை விளக்கினார். 1637ஆம் ஆண்டு தெக்காட்டு வெளியிட்ட கேத்திரகணித நூல், வளையிகளைச் சமன்பாடுகளால் ஆளும் முறையை உலகுக்கு வழங்கியது. அதே காலத்தில் பேமாவும் தனித்து அம்முறையைக் கண்டிருந்தார். ஆயினும் மறையெண்களும் அடங்க ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் இரண்டு அச்சுக்களைத் தெக்காட்டின் நூலிலே தேடுவோர் ஏமாற்றமடைவர். அவை பின்வந்தோர் சேர்த்தவை.

சார்பு என்னும் கருத்துத் தெளிவடைதற்கு இன்னும் நீண்ட காலம் பிடித்தது. 1748ஆம் ஆண்டிலே ஒயிலர், மாறியையும் மாறிலிகளையுங் கொண்டு அமைந்த ஒரு கோவையே சார்பு என்றார். சூத்திரம் இருந்தாற்றான் சார்பு உண்டு என்பது அதன் பொருள். 1837ஆம் ஆண்டிலே திரிச்சிலே சூத்திரத்தை வற்புறுத்தாது, ய இன் ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ர இன் ஒரேயொரு பெறுமானம் ஒத்திருத்தலையே இலக்கணமாகக் கொண்டார். இவ்விலக்கணம் வரைபின்மேல் ஒரு நிபந்தனையாக வந்தமர்கின்றது. எந்த நிலைக்குத்துக் கோட்டை வரையினும் அது சார்பின் வரைபை ஒரு புள்ளிக்கு மேல் வெட்டலாகாது. உற்பத்தியை மையமாகவும் 5 அலகை ஆரையாகவுங் கொண்ட வட்டம் கண்ணுக்கு இனிய வளையியே; எனினும் ய = 3 என்னும் கோடு அதனை (3, 4), (3, −4) என்னும் இரு புள்ளிகளில் வெட்டுகின்றது. ‘ய மூன்றாகும்போது ர யாது?’ என்று வினவினால் வட்டம் இரண்டு விடை கூறும். ஆகவே முழுவட்டம் ஒரு சார்பின் வரைபன்று. அதன் மேலரைவட்டம் ஒரு சார்பு, கீழரைவட்டம் வேறொரு சார்பு. கிடைக்கோடு பல புள்ளிகளில் வெட்டுவது குற்றமாகாது என்பதையும் உடன் சேர்த்துக் கற்பித்தல் நன்று. இரண்டு மாணவர் ஒரே புள்ளியைப் பெறலாம். ஒரு மாணவன் ஒரே பரீட்சையில் இரண்டு புள்ளி பெறுதல் இயலாது.

வாசிக்கும் முறையைப் பயில்வதற்கு ர = ய² − 4ய + 3 என்னும் பரவளைவு ஒன்றே போதியது. இது ய அச்சை 1இலும் 3இலும் வெட்டுகின்றது. ர அச்சை 3இல் வெட்டுகின்றது. (2, −1) இல் இழிவுப் பெறுமானம் அடைகின்றது. சமன்பாட்டை ர = (ய − 2)² − 1 என நிறைவர்க்க வடிவில் எழுதினால், வர்க்கம் ஒருபோதும் மறையாகாதாகையால் ர ஒருபோதும் −1 இலுங் குறையாது என்பது வரையாமலே தெரிகின்றது.

இவ்விடத்தே ஒரு தடை எழுதல் வழக்கம். ய − 2 என்பதில் மறைக்குறி இருக்க, வளையி வலப்புறம் பெயர்வது எவ்வாறு என்று மாணவன் வினவுவான். ‘குறியை மாற்றிக்கொள்’ என்று விதி கூறி அவனை அடக்கிவிடுதல் எளிது, ஆனால் பயனற்றது. ய² என்னும் சார்பு தன் இழிவை அடைவது வர்க்கிக்கப்படும் எண் பூச்சியமாகும் இடத்தில். (ய − 2)² இல் வர்க்கிக்கப்படும் எண் பூச்சியமாவதற்கு ய இரண்டாக வேண்டும். முன்னர்ப் பூச்சியத்தில் நிகழ்ந்தது இப்போது இரண்டில் நிகழ்கின்றது. புள்ளி கூறும் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தவனுக்கு இதில் மயக்கமில்லை.

இனி, ர = க என்னும் கிடைக்கோடொன்றை இப்பரவளைவின்மேல் மேலுங் கீழுமாக நகர்த்திப் பார்க்க. க ஆனது −1 இலும் பெரிதாயின் கோடு வளையியை இரு புள்ளிகளில் வெட்டுகின்றது. −1 ஆயின் தொடுகின்றது. −1 இலுஞ் சிறிதாயின் சந்திப்பதேயில்லை. ய² − 4ய + 3 = க என்னும் சமன்பாட்டின் தன்மைகாட்டி 4 + 4க ஆகும். அது நேராதலும், பூச்சியமாதலும், மறையாதலும் மேற்கூறிய மூன்று நிலைகளே. தன்மைகாட்டியைச் சூத்திரமாக மட்டும் மனனஞ் செய்தவன் ‘மெய்ம்மூலங்கள் இல்லை’ என்று எழுதுவான். எங்கே இல்லை, ஏன் இல்லை என்று அறியான். வரைந்து பார்த்தவனுக்குக் கோடு வளையிக்குக் கீழே தனித்துக் கிடப்பது கண்முன் நிற்கும். கிடைக்கோட்டுக்குப் பதிலாக ர = ய − 1 என்னும் சாய்கோட்டை வரைந்தால் அது (1, 0), (4, 3) ஆகிய புள்ளிகளில் வெட்டும்; ய² − 5ய + 4 = 0 என்னும் வேறொரு சமன்பாட்டின் மூலங்கள் 1, 4 என்பன அதே வரைபிலிருந்து கிடைத்துவிடும். ஈண்டு விடையாவது ய ஆள்கூறு மாத்திரமே. புள்ளியை முழுதாக எழுதிவிட்டு, கேட்டதற்கு மேலே கொடுத்துவிட்டதாக மகிழ்வோர் பலர்.

இப்போது ‘சார்பு மறையாக அதிகரிக்கும் ஆயிடை’ என்னும் வினாவை நோக்குக. மறையாயுள்ளது எவ்வாறு அதிகரிக்கும் என்பதே மாணவனின் திகைப்பு. இரண்டு வேறு செய்திகளை அவன் ஒன்றெனக் கருதுகின்றான். புள்ளி ய அச்சுக்கு மேலா கீழா என்பது சார்பின் பெறுமானம் பற்றிய செய்தி. வளையி இடமிருந்து வலமாக ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது அப்பெறுமானம் மாறும் விதம் பற்றிய செய்தி. மேற்கண்ட பரவளைவு 1க்கும் 3க்கும் இடையில் அச்சின் கீழே கிடக்கின்றது. 2 இன் வலப்புறத்தில் ஏறுகின்றது. இரண்டும் ஒருங்கே நிகழ்வது 2க்கும் 3க்கும் இடையில். கடனாளி ஒருவன் கடனைச் சிறிது சிறிதாக அடைத்துவருங் காலத்தில் அவன் நிலை மறையாகவே உள்ளது. ஆயினும் ஏறுமுகமாக உள்ளது. இவ்வுவமையைக் கூறிய மாத்திரத்தில் வகுப்பில் முகங்கள் தெளிதல் உண்டு.

உயரத்தையும் மாற்றத்தையும் ஒன்றாகக் கருதும் இம்மயக்கம் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயில்வோரையும் விடுவதில்லை. வாகனங்கள் இரண்டு ஓரிடத்திலிருந்து ஒரே கணத்தில் ஒரே திசையிற் புறப்படுகின்றன என்க. ஒன்று செக்கனுக்கு 10 மீற்றர் என்னும் மாறா வேகத்துடன் செல்கின்றது. மற்றையது ஓய்விலிருந்து தொடங்கி, செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் என்னும் சீரான ஆர்முடுகலுடன் செல்கின்றது. இவற்றின் வேக–நேர வரைபுகளில் ஒன்று கிடைக்கோடு; மற்றையது உற்பத்தியினூடாக ஏறுங் கோடு. ஐந்தாஞ் செக்கனில் இவையிரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ‘வாகனங்கள் எப்போது சந்திக்கின்றன?’ என்ற வினாவுக்கு ‘ஐந்தாஞ் செக்கனில்’ என்னும் விடையே பெரும்பான்மையாக வரும். கோடுகள் சந்திப்பதைக் கண்ணாற் கண்டபின் வேறென்ன வேண்டும்? ஆனால் அவ்வெட்டுப் புள்ளி கூறும் வாக்கியம், ‘அக்கணத்தில் இரண்டின் வேகமும் சமன்’ என்பதே. சென்ற தூரம் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பாற் பெறப்படுவது. ஐந்து செக்கனில் முதலாவது 50 மீற்றர் சென்றிருக்கும். இரண்டாவது 25 மீற்றரே சென்றிருக்கும். அதுவரை முன்னது கூடிய வேகத்துடன் சென்றமையால் இடைவெளி வளர்ந்துகொண்டே வந்தது. அதன் பின்னர்க் குறையத் தொடங்குகின்றது. ஆகவே மாணவன் ‘சந்திப்பு’ என்று எழுதிய அக்கணமே வாகனங்கள், பின்னது முன்னதை எட்டுவதற்கு முன்னர், ஒன்றையொன்று மிக விலகி நின்ற கணம். பத்தாஞ் செக்கனில் இரண்டும் 100 மீற்றர் சென்று சந்திக்கின்றன. வரைபில் அவ்விடத்தே கோடுகள் வெகுதூரம் பிரிந்து நிற்கும்.

அளவிடை பற்றியும் சிறிது கூறவேண்டும். ய அச்சில் ஒரு சென்ரிமீற்றர் 1 அலகையும், ர அச்சில் ஒரு சென்ரிமீற்றர் 10 அலகையுங் குறிக்குமாறு வரைந்தால், ர = 10ய என்னும் கோடு தாளில் 45 பாகை சாய்வுடன் தோன்றும். கட்டங்களை எண்ணும் மாணவன் படித்திறன் 1 என்பான். படித்திறன் தாளில் உள்ள கோணத்தைச் சேர்ந்ததன்று, எண்களைச் சேர்ந்தது. அச்சில் எழுதப்பட்ட எண்களை வாசியாது வளையியின் தோற்றத்தை மட்டும் கண்டு முடிவு கூறுதல், உறையைக் கண்டு கடிதத்துக்கு மறுமொழி எழுதுவதை ஒக்கும்.

இதுவரை கூறியவை முதல் வினாவைச் சார்ந்தவை. புள்ளி கூறுவதற்கு ஆதாரம் யாது என்னும் இரண்டாவது வினாவே கடினமானது. மாணவன் அட்டவணையிலிருந்து ஏழு புள்ளிகளைக் குறிக்கின்றான். அவற்றை ஒப்பமான வளையியால் இணைக்கின்றான். ஏழு வாக்கியங்களை அவன் கணித்து அறிந்தான். இணைத்த மாத்திரத்தில் எண்ணிறந்த வாக்கியங்களைக் கூறிவிடுகின்றான். அவற்றுக்கு உறுதி எது?

ர = ய³ − ய என்னும் சார்பை எடுத்து, ய க்கு −1, 0, 1 என்னும் பெறுமானங்களை இடுக. மூன்றிடத்தும் ர பூச்சியமே. மூன்று புள்ளிகளையும் இணைத்தால் ய அச்சே வரைபாகிவிடும். ஆனால் ய = ½ ஆகும்போது ர = −⅜; ய = −½ ஆகும்போது ர = ⅜. அம்மூன்று புள்ளிகளுக்கிடையே வளையி ஒருமுறை மேலெழுந்தும் ஒருமுறை கீழிறங்கியும் செல்கின்றது. புள்ளிகள் பொய் கூறவில்லை. இணைத்த கோடே பொய் கூறியது.

ர = 1/ய என்னும் அதிபரவளைவில் நிகழ்வது இதனினும் சுவையானது. ய = −2, −1, 1, 2 என்பவற்றுக்கு ர முறையே −½, −1, 1, ½ ஆகும். (−1, −1) ஐயும் (1, 1) ஐயும் கோலை வைத்து இணைக்கும் மாணவனின் கோடு உற்பத்தியினூடாகச் செல்லும். ‘பூச்சியத்தின் நிகர்மாறு பூச்சியம்’ என்று அவன் அறியாமலே எழுதிவிட்டான். பூச்சியத்தில் இச்சார்புக்குப் பெறுமானமே இல்லை. ய வலப்புறத்திலிருந்து பூச்சியத்தை நெருங்க நெருங்க ர எல்லையின்றிப் பெருகும். இடப்புறத்திலிருந்து நெருங்கும்போது எல்லையின்றிக் குறையும். ர அச்சு இவ்வளையியின் அணுகுகோடு. அணுகுகோட்டைப் புள்ளிக்கோடாக வரையும் வழக்கம் அழகுக்காக ஏற்பட்டதன்று. இங்கே சார்பு பேசுவதில்லை என்பதற்கு அஃது அறிகுறி.

வேறு சில சார்புகளில் இடைப்பட்ட இடத்துக்குப் பொருளே இல்லை. ஒரு வகுப்பின் மாணவர் தொகையை ஆண்டுதோறும் குறித்தால் முப்பத்தாறரை மாணவர் என்று எவ்விடத்தும் வாசித்தல் கூடாது. தபாற் கட்டணத்தை நிறைக்கெதிரே குறித்தால் வரைபு படிக்கட்டுப்போலத் தாவித் தாவிச் செல்லும்; படிகளைச் சாய்கோட்டால் இணைப்பவன் தபாற்கந்தோர் அறியாத கட்டணங்களை விதிக்கின்றான்.

ஆகவே இணைக்கும் உரிமை புள்ளிகளிலிருந்து வருவதில்லை. பரவளைவில் அவ்வுரிமையைத் தந்தது ய² − 4ய + 3 என்னும் கோவை. அது ய இன் எல்லாப் பெறுமானங்களுக்கும் விடை கூறவல்லது. ஐயமுற்ற எவ்விடத்தையும் கணித்துச் சரிபார்க்கலாம். கோவையில்லாத இடத்தில், அளந்தும் எண்ணியும் பெற்ற புள்ளிகளே உள்ள இடத்தில், நிலைமை யாது? இலங்கையின் குடிசன மதிப்பீட்டு எண்கள் இதனை ஆராய்தற்கு ஏற்ற சான்றாகும்.

நாட்டின் மக்கள்தொகை 1946இல் 66.6 இலட்சம், 1953இல் 81.0, 1963இல் 105.8, 1971இல் 126.9; 1981இல் 148.5, 2012இல் 203.6 இலட்சம். 1991இல் மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் வடக்குக் கிழக்கின் சில மாவட்டங்களில் அது நிறைவாக நடைபெறவில்லையாதலால் அவ்வாண்டு இங்கு சேர்க்கப்படவில்லை. இவ்வாறு எண்களை வரைபாக்கும் மாணவர் பலர் ஆண்டுகளைக் கிடையச்சில் ஒரே சம இடைவெளியில் எழுதிவிடுவர். அவ்வாறு எழுதினால் 1971க்கும் 1981க்கும் இடையில் 21.6 இலட்சம் ஏறிய கோடு, அதே அகலமுள்ள அடுத்த கட்டத்தில் 55.1 இலட்சம் ஏறி நிற்கும். 1981க்குப் பின்னர் மக்கள்தொகை வெள்ளம்போற் பெருகிற்று என்று எவரும் கூறுவர். முன்னைய கட்டத்தின் அகலம் 10 ஆண்டு, பின்னையதன் அகலம் 31 ஆண்டு என்பதை நோக்கினால் கதை தலைகீழாகின்றது. ஆண்டெண்களை மட்டுங் கொண்டு சராசரி ஆண்டுப் பெருக்கத்தைக் கணித்தால், 1946–53இல் 2.1 இலட்சம், 1953–63இல் 2.5, 1963–71இல் 2.6, 1971–81இல் 2.2, 1981–2012இல் 1.8 இலட்சம் எனப் பெறப்படும். செங்குத்தானதெனத் தோன்றிய பகுதியே அனைத்திலும் சாய்வு குறைந்தது.

வளையியின் உயரம் இக்காலம் முழுவதும் கூடிக்கொண்டே வருகின்றது. படித்திறனோ 1963–71க்குப் பின்னர்க் குறைந்துவருகின்றது. 2024 இறுதியில் எண்ணப்பட்ட தொகை ஏறத்தாழ 217.6 இலட்சம். 2012இன் பின்னரான சராசரி ஆண்டுப் பெருக்கம் 1.2 இலட்சத்தைத் தாண்டவில்லை. மக்கள்தொகை பெருகுகின்றது என்பதும், பெருகும் வேகம் குறைகின்றது என்பதும் ஒருங்கே மெய்யானவை. மறையாக அதிகரிக்கும் பரவளைவைக் கண்டு திகைத்தவன் செய்தித்தாளில் இவ்விரு கூற்றுக்களையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்று பொய்யென்றே எண்ணுவான்.

வரைபு ‘என்ன’ என்று கூறுமேயன்றி ‘ஏன்’ என்று கூறாது. 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. மலேரியாவை ஒழிக்க டி.டி.ரீ. தெளித்தமையே காரணமென ஒரு சாரார் கொண்டனர். உணவும் மருத்துவ வசதியும் பெருகியமையும் காரணமென மற்றொரு சாரார் வாதிட்டனர். வளையியில் ஒரு சரிவு தெரிகின்றது. வழக்கு அறிஞரிடையே நீண்டது.

இனி, நாடு முழுவதையும் விட்டு யாழ்ப்பாண மாவட்டத்தை மட்டும் நோக்குக. கிளிநொச்சி நீங்கலாக, இன்றைய எல்லைகளுக்குள் 1981இல் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 39 ஆயிரம். 2012இல் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம். இரண்டு புள்ளிகள். அடிமட்டத்தை வைத்து இணைத்தால் ஆண்டுக்கு 5,000 பேர் வீதம் மெல்லென இறங்கும் நேர்கோடொன்று கிடைக்கும். கோடு நேர்த்தியானது, படித்திறன் கணித்தற்கு எளியது, அதனை வாசித்தால் 1995 இறுதியில் மாவட்டத்தின் மக்கள்தொகை 6 இலட்சத்து 65 ஆயிரம் என வரும். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு தொடங்கி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் தென்மராட்சிக்கும், அப்பால் வன்னிக்கும் பெயர்ந்தனர். அவ்வாண்டு முடிவில் யாழ் நகரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடந்தன. அடுத்த ஆண்டிலே ஒரு பகுதியினர் மீண்டனர். ஒரு பகுதியினர் வன்னிக்குட் சென்றனர். கடல் கடந்தோர் மீளவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இடம்பெயர்வுகள் பல. அந்த 31 ஆண்டுகளில் உண்மையான வளையி எத்தனை முறை விழுந்து எத்தனை முறை எழுந்தது என்பதை இரண்டு முனைப்புள்ளிகளிலிருந்து எவரும் வரைதல் இயலாது. அடிமட்டம் வரைந்த கோட்டில் அவ்விரவு ஓர் எள்ளளவும் தெரியவில்லை.

பரவளைவை இணைத்தபோது கோவை துணைநின்றது. இங்கே கோவையும் இல்லை, எண்ணினாரும் இல்லை. ஆயினும் கணினிகள் வரையும் வரைபுகளிலும், அறிக்கைகளிலும், பாடநூற் பயிற்சிகளிலும் இத்தகைய புள்ளிகள் தடித்த கோட்டால் இணைக்கப்பட்டே வருகின்றன. மாணவனும் ‘1995இல் மக்கள்தொகை யாது?’ என்னும் வினாவுக்கு அக்கோட்டிலிருந்து விடையெடுத்துப் புள்ளியும் பெறுகின்றான். ய = 0 இல் அதிபரவளைவை இணைத்தவனுக்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியர் இவனுக்கும் குறைத்தல் முறையாகும். குறைந்தபட்சம் 1981ஆம் ஆண்டுப் புள்ளியையும் 2012ஆம் ஆண்டுப் புள்ளியையும் குறித்தபின் இடையிலே கோடு வரையாது வெறுமையாக விடவேண்டும். அன்றேல் புள்ளிக்கோடு இட்டு, இது கணக்கெடுப்பன்று என அதன் அருகே எழுதவேண்டும்.